முடக்கப்பட்ட பொத்தான் விடை கூற வேண்டுமா?

பாலக்காட்டுக் கணவாயில் உள்ள வாளையாறு, பொள்ளாச்சிப் பக்கத்துச் சாலைகளில் உள்ள கோபாலபுரம், மீனாட்சிபுரம், மலைப்பகுதியில் உள்ள குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, சின்னாறு ஆகியவை கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடைப்பட்ட எல்லைச் சாவடிகள் என்பதை யாவரும் அறிவர். சாவடியின் குறுக்குத் தடி தாழ்ந்திருந்தால் வண்டி நின்றுவிடும்; வண்டியோட்டியின் வாய் நின்றுவிடுவதில்லை. அவர் இறங்கிச் சென்று காவலரைக் கேட்பார். சீட்டில் முத்திரை இல்லை என்றோ, இரவில் காட்டு வழியே செல்ல அனுமதி இல்லை என்றோ ஒரு விடை வரும். அவ்விடை அவருக்கு உவப்பாக இராமற் போகலாம். எனினும் அடுத்துச் செய்ய வேண்டுவது என்ன என்பது அதிலிருந்து அவருக்கு விளங்கிவிடும்.

அண்மை ஆண்டுகளில் இச்சாவடிகளின் தடி சாலையை விட்டுத் திரைக்கு இடம் பெயர்ந்து வருகின்றது. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் மாநில எல்லைகளிலிருந்த வணிகவரிச் சாவடிகளின் பணி ஓய்ந்தது. 2018 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்குக்கு இணையத்தின் வழியே பெறும் மின்வழிச் சீட்டு கட்டாயமாயிற்று. லாரி நெரிசலுக்குப் பெயர்பெற்றிருந்த வாளையாற்றில் ஓட்டுநர் காகிதக் கட்டுடன் ஏறி இறங்கிய படிக்கட்டு இப்பொழுது ஓர் இணையப் படிவத்தில் இருக்கின்றது. 2020 மே மாதத்தில் நிகழ்ந்ததும் நினைவுகூரத்தக்கது. பெருந்தொற்றுக் காலத்தில் பிற மாநிலங்களிலிருந்து கேரளத்துக்குத் திரும்புவோர் அரசின் இணையவாயிலில் பதிந்து அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியிருந்தது. சீட்டின்றி வந்து சேர்ந்த பலர் வாளையாற்றில் சிக்கிக்கொண்டனர். மே 10ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமையாயிருந்தும், கேரள உயர் நீதிமன்றம் சிறப்பாகக் கூடி, அங்கே சிக்கியிருந்தோருக்குச் சீட்டு வழங்குமாறு பணித்தது. அந்நெருக்கடிக்குக் காரணங்கள் பல. படிவத்தின் அமைப்பே காரணம் என்று கூறுவது நியாயமாகாது. ஆயினும் ஒரு படிவத்தின் 'சமர்ப்பி' என்னும் பொத்தான் ஒரு குடும்பத்தைச் சாலையோரத்தில் நிறுத்தி வைக்க வல்லது என்பதை அந்நாட்கள் காட்டின. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு மின்-அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற ஏற்பாட்டினால், இரண்டு மாவட்டத்து எல்லை மக்களும் அத்தகைய பொத்தான்களை மீண்டும் சந்திக்கின்றனர்.

இப்பொத்தான்களில் ஒரு வகை, முடக்கப்பட்ட பொத்தான் ஆகும். சாம்பல் நிறத்தில் மங்கித் தோன்றும். அழுத்தினால் ஒன்றும் நிகழாது. படிவத்தில் நிரப்ப வேண்டியதை நிரப்பிய பின்னரே அது உயிர்பெறும் என்பது ஏற்பாடு. எதை நிரப்பவில்லை என்பதை மட்டும் அது கூறாது. சாவடித் தடி தாழ்ந்திருந்தும் காவலர் ஒருவரும் இல்லாத நிலைக்கு இது ஒப்பாகும்.

இது எவ்வாறு நேர்கின்றது என்பதை அறிய, 'நிகழ்வு' என்பது யாது எனக் காண வேண்டும். உபயோகிப்போர் சுட்டியை நகர்த்தினாலும், விரலால் திரையைத் தொட்டாலும், விசையை அழுத்தினாலும், உலாவியானது அச்செய்தியைப் பக்கத்தை இயக்கும் நிரலுக்கு உடனே அறிவிக்கின்றது. இவ்வறிவிப்பே நிகழ்வு. அது பக்கத்தின் வெளிக்கூட்டிலிருந்து உட்கூறுகளின் வழியாகத் தொடப்பட்ட இடத்துக்கு இறங்கி, பின்னர் அங்கிருந்து படிப்படியாக மேலேறும். கிராம அலுவலகத்தில் கொடுத்த மனு வட்ட அலுவலகத்துக்கும், அங்கிருந்து மாவட்டத் தலைமைக்கும் செல்வதைப் போன்றதே இது. ஒவ்வொரு படியிலும் அதைக் கேட்டு நடவடிக்கை எடுக்க ஒரு நிரல்துண்டு காத்திருக்கலாம்.

முடக்கம் என்பது இணையப் பக்கங்களின் மொழியில் 1997 டிசம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 4.0 என்னும் வரையறையுடன் நுழைந்தது. 'டிஸேபிள்டு' என்னும் பண்பை ஒரு பொத்தானுக்கோ உள்ளீட்டுக் கட்டத்துக்கோ சூட்டினால் மூன்று விளைவுகள் உண்டாகும் என அவ்வரையறை விதித்தது. விசைப்பலகையின் கவனம் அதன்மீது நில்லாது. டேப் விசையை அழுத்திச் செல்வோர் அதைத் தாண்டிச் சென்றுவிடுவர். அதிலுள்ள மதிப்பு படிவத்துடன் அனுப்பப்படாது. உடன்பிறந்ததாகிய 'ரீட்ஒன்லி' என்னும் பண்போ வேறு இயல்பினது: மாற்ற முடியாது, ஆனால் கவனம் நிற்கும், மதிப்பும் அனுப்பப்படும். இவ்விரண்டின் வேற்றுமையை உணராது, குடும்ப அட்டை எண் இடம்பெறும் கட்டத்தை 'டிஸேபிள்டு' செய்துவிட்டு, எண் ஏன் வந்து சேரவில்லை என்று வியப்போர் உளர்.

நிகழ்வுகளைப் பற்றி இன்றைய வரையறை கூறுவது இன்னும் குறுகியது. முடக்கப்பட்ட படிவ உறுப்பின்மீது உபயோகிப்போர் செய்யும் 'கிளிக்' நிகழ்வு அவ்வுறுப்புக்கு அனுப்பப்படலாகாது என்பதே அதன் சாரம். சுட்டி அதன்மேல் வந்து நின்றதா, அகன்றதா என்னும் ஏனைய நிகழ்வுகளைப் பற்றித் தெளிவான விதி நெடுங்காலம் இல்லாமையால், உலாவிகள் தத்தம் விருப்பப்படி நடந்துகொண்டன. பயர்பாக்ஸ் உலாவி பல ஆண்டுகள் முடக்கப்பட்ட உறுப்புக்குச் சுட்டி நிகழ்வு எதையுமே தராதிருந்தது. வேறு சிலவற்றில் பொத்தானின் ஓரத்தைத் தொட்டால் ஒரு விளைவு, அதன் உள்ளேயிருக்கும் சிறு படத்தைத் தொட்டால் வேறொரு விளைவு என்ற நிலையும் காணப்பட்டது. இதன் பயன் யாதெனில், 'இது ஏன் இயங்கவில்லை' என்னும் விளக்கக் குறிப்பைப் பொத்தானின்மேல் தோன்றச் செய்ய நினைத்த நிரலாளருக்கு, அக்குறிப்பை எழுப்பும் நிகழ்வே கிட்டவில்லை. பூட்ஸ்ட்ராப் போன்ற பரவலான நிரல் தொகுப்புகளே, முடக்கிய பொத்தானைச் சுற்றி இன்னோர் உறை போர்த்தி அவ்வுறையில் குறிப்பை வைக்குமாறு தம் கையேட்டில் அறிவுரை கூறுகின்றன. வீட்டுக்காரர் கதவைத் திறக்கமாட்டார் என்பதனால் திண்ணையில் ஒருவரை உட்கார்த்தி வைப்பதை ஒக்கும் இந்த உபாயம்.

இவ்விடத்தில் எதிர்த்தரப்பினரின் வாதத்தை நேர்மையுடன் எடைபோடல் வேண்டும். முடக்கப்பட்ட உறுப்புக்கு நிகழ்வுகளை அனுப்பத் தொடங்கினால், கவனக்குறைவான நிரலாளரின் கையில் அது ஆபத்தாகும் என்பது அவர்கள் வாதம். தடியைத் தாழ்த்தியாயிற்று என்று நம்பியிருக்க, பக்கவாட்டில் வண்டி புகுந்து விடக்கூடும். இது வெறும் அச்சமன்று. 'ஏரியா-டிஸேபிள்டு' என்னும் மற்றொரு பண்பு உண்டு. வலைக் கூட்டமைப்பு 2014 மார்ச்சில் பரிந்துரையாக வெளியிட்ட அணுகல் வரையறையில் அது இடம்பெற்றது. பார்வையற்றோர் உபயோகிக்கும் திரைவாசிப்பானுக்கு 'இது இப்பொழுது இயங்காது' என்று அது அறிவிக்கும். உலாவியிடம் அது வேறொன்றையும் கட்டளையிடாது. கிளிக்கும் செல்லும், என்டர் விசையும் செல்லும். தடுத்து நிறுத்துவது முழுவதும் நிரலாளரின் கடமை. அவர் மறந்தால், இயங்காதென்று அறிவிக்கப்பட்ட பொத்தான் பணத்தைப் பற்று வைத்துவிடும்.

தடுப்பதற்கென எடுத்துக்கொள்ளும் குறுக்கு வழிகளும் இதே வகையினவே. 'பாயின்ட்டர்-ஈவன்ட்ஸ்: நன்' என்ற அலங்கார விதியைச் சிலர் கையாளுகின்றனர். அவ்விதியால் உறுப்பு தொடுகையைத் தடுப்பதில்லை, அதனின்றும் மறைந்துவிடுகின்றது. தொடுகை அதனூடே சென்று கீழே இருப்பதன்மேல் விழுகின்றது. இணைப்புச் சொற்களுக்கு 'டிஸேபிள்டு' பண்பே கிடையாது. ஆகையால் மங்கலாக்கி இவ்விதியைப் பூட்டிய இணைப்பு சுட்டிக்கு அடங்கியிருப்பினும், டேப் விசையால் அதை அடைந்து என்டர் அழுத்துவோருக்குத் தாராளமாகத் திறக்கும்.

ஆக, உண்மையான கேள்வி 'நிகழ்வு செல்லலாமா, கூடாதா' என்பதன்று. செயல் வேறு, விடை வேறு என்னும் பாகுபாடே இங்கு வேண்டுவது. முடக்கப்பட்ட உறுப்பு செயலை முற்றிலும் மறுக்கட்டும். அழுத்தம் அதனிடத்திலேயே நிற்கட்டும், மேற்படிக்கும் ஏறலாகாது, கீழ்ப்பொருளுக்கும் வழியலாகாது. ஆனால் உபயோகிப்போர் அதனருகே வருவதும், அதன்மேல் கவனத்தை நிறுத்துவதும், காரணம் கேட்பதும் செயல்கள் அல்ல. அவற்றைத் தடுக்க யாதொரு நியாயமும் இல்லை.

பொறியியல் துறைக்கு இப்பாகுபாடு புதிதன்று. இடுக்கி மாவட்டத்திலேயே, 1940இல் இயங்கத் தொடங்கிய பள்ளிவாசல் நீர்மின் நிலையமும், 1976இல் தொடங்கிய மூலமற்றம் நிலையமும் இருக்கின்றன. இத்தகைய நிலையங்களில் மின்சுற்றில் ஒருவர் பழுது பார்க்கும்போது, அச்சுற்றின் திறப்பியைப் பூட்டி வைப்பதோடு ஒரு சீட்டையும் கட்டித் தொங்கவிடுவது துறைவழக்கம். பூட்டியவர் யார், எதற்காகப் பூட்டினார் என்பது அச்சீட்டில் எழுதப்பட்டிருக்கும். பூட்டு மட்டும் இருந்து சீட்டு இல்லாவிடின் என்ன ஆகும் என்பதைத் தொழிலாளர் அறிவர்: அவசரக்காரர் ஒருவர் அதைப் பழுதென்று கருதி உடைத்துத் திறக்க முற்படுவார். இணையத்தின் 'டிஸேபிள்டு' பண்பு பூட்டை மட்டும் தருகின்றது, சீட்டைத் தரவில்லை. படிவத்தின் முன் அமர்ந்தவரும் அந்த அவசரக்காரரைப் போன்றே பக்கத்தைப் புதுப்பித்து, நிரப்பியதையெல்லாம் இழந்து, முதலிலிருந்து தொடங்குகின்றார்.

வண்டிப்பெரியாற்றுத் தோட்டம் ஒன்றில் வேலை செய்யும் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு விண்ணப்பத்தை நிரப்புவதாகக் கொள்வோம். பிறந்த தேதியில் மாதத்தை முதலிலும் நாளைப் பின்னரும் எழுதிவிடுகின்றார். பொத்தான் மங்கியே இருக்கின்றது. அவர் அழுத்துகிறார், ஒன்றுமில்லை. என்டர் விசையை அழுத்தினாலும் பயனில்லை. ஏனெனில், படிவத்தின் இயல்பான சமர்ப்பிப்புப் பொத்தான் முடங்கியிருந்தால் என்டர் விசையாலும் படிவம் செல்லாது என்பதும் வரையறையின் விதியே. கைப்பேசியில் அலை இல்லையோ என்று அவர் நினைக்கக் கூடும். மலைப்பாங்கான இடத்தில் அந்த ஐயம் இயற்கையானதே. அதனாலேயே அவரால் உண்மைக் காரணத்தை ஊகிக்க இயலாமற் போகின்றது. அடுத்த நாள் கூலியை இழந்து, பேருந்து ஏறி, அக்ஷயா மையத்துக்குச் சென்று வரிசையில் நின்றால், அங்குள்ள பணியாளர் தம் அனுபவத்தினால் தேதியைத் திருத்தித் தருவார். ஒரு வரி விளக்கம் செய்திருக்க வேண்டியதை ஒரு நாள் பயணம் செய்கின்றது.

பார்வைக் குறைபாடுடையோரின் நிலை இன்னும் கடினமானது. முடக்கப்பட்ட பொத்தானில் கவனம் நில்லாமையால், டேப் விசையால் படிவத்தின் கடைசிக் கட்டத்தைக் கடந்தவர் நேரே பக்கத்தின் அடிக்குறிப்பில் போய் விழுகின்றார். அப்படி ஒரு பொத்தான் இருப்பதையே அவர் அறியாதிருக்கலாம். பார்வை உடையோருக்கும் ஒரு சங்கடம் உண்டு. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேற்றுமை இருத்தல் வேண்டும் எனப் பன்னாட்டு அணுகல் நெறிகள் விதிக்கின்றன. ஆனால் இயங்கா நிலையிலுள்ள உறுப்புகளுக்கு அவை விலக்கு அளித்துள்ளன. வாளையாற்று வெயிலில் கைப்பேசியைப் பிடித்து நிற்பவருக்கு அந்த விலக்கின் பொருள், பொத்தானின் பெயரே தெரியாது என்பதாகும்.

இந்நாட்டின் சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாயில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொடர்பு வசதிகள் யாவருக்கும் எட்டுமாறு அமைதல் வேண்டும் என்கின்றது. 2009இல் முதன்முதல் வெளிவந்த அரசு இணையதள நெறிமுறைகளின் மூன்றாம் பதிப்பு 2023இல் வெளியாயிற்று. 2025 ஏப்ரல் 30இல் உச்ச நீதிமன்றம், எண்ணிம வசதிகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு அளிக்கும் வாழ்வுரிமையைச் சார்ந்தது எனத் தீர்ப்பளித்தது. எனினும் ஒரு மங்கிய பொத்தான் மேற்கண்ட நெறிகளில் எதையும் எழுத்தளவில் மீறாமலேயே ஒருவரைத் திருப்பியனுப்பிவிட முடியும். சோதனைப் பட்டியலில் எல்லாக் கட்டங்களுக்கும் சரி என்ற குறி விழும். விண்ணப்பம் மட்டும் போகாது.

எனவே அரசுப் படிவங்களை அமைப்போர் கொள்ளத்தக்க முறை இது: சமர்ப்பிக்கும் பொத்தானை முடக்கி வைக்கும் பழக்கத்தையே விட்டுவிடலாம். அது எப்பொழுதும் உயிருடன் இருக்கட்டும். குறையுள்ள படிவத்துடன் ஒருவர் அதை அழுத்தினால், எக்கட்டத்தில் என்ன குறை என்பதைச் சொல்லி, கவனத்தை அக்கட்டத்துக்கே கொண்டு போய் நிறுத்தட்டும். காலக்கெடு முடிந்தது, தகுதி இல்லை என்பன போன்று உண்மையாகவே மூட வேண்டிய இடங்களில், 'ஏரியா-டிஸேபிள்டு' பண்பைச் சூட்டி, அழுத்தத்தை நிரலால் நிறுத்தி, காரணத்தைப் பொத்தானின் அருகிலேயே, மறைந்து தோன்றும் குறிப்பாக அன்றி, கண்ணுக்குத் தெரியும் எழுத்தாக வைத்தல் நன்று. விரலால் தொடும் திரையில் சுட்டி மேலே வந்து நிற்பதென்பதே இல்லையாகையால், அத்தகைய மறைகுறிப்பு பெரும்பாலோருக்கு எட்டாது.

எல்லா முடக்கங்களையும் இவ்வாறு செய்ய வேண்டுமென்பதில்லை. ஐம்பது உறுப்புகள் கொண்ட பக்கத்தில் இயங்காதவை எல்லாவற்றிலும் டேப் விசை நின்று நின்று சென்றால், திரைவாசிப்பானுடன் வேலை செய்வோர் களைத்துப் போவர். தனித்து நிற்கும் முடங்கிய உறுப்புகளைப் பொதுவாகத் தாண்டிச் செல்லலாம், பட்டியல்களிலும் கருவிப் பட்டைகளிலும் உள்ளவற்றில் நிற்கலாம் என்று அணுகல் கையேடுகள் கூறுவது இதனை எண்ணியே. ஆனால் படிவத்தின் இறுதிப் பொத்தானைத் தனித்து நிற்கும் சாதாரண உறுப்பாகக் கருதுவது பொருந்தாது. பயணத்தின் முடிவே அதுதான்.

பணம் செலுத்தும் பொத்தானைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். இருமுறை அழுத்திவிடக் கூடாதென்று முதல் அழுத்தத்திலேயே அதை முடக்கிவிடுவது வழக்கம், நோக்கம் நல்லதே. ஆனால் மறையூரிலோ தேவிகுளத்திலோ அலை அறுந்து மறுமொழி வராதுபோனால், பொத்தான் முடங்கியபடியே நின்றுவிடும். பணம் போயிற்றா இல்லையா என்பது தெரியாது. பொத்தானைக் கைக்கெட்டும் நிலையிலேயே வைத்து, 'அனுப்பப்படுகின்றது' என்று அறிவித்து, இரண்டாம் அழுத்தத்தைப் பொருட்படுத்தாதிருந்து, தோல்வியுற்றால் பழைய நிலைக்குத் திருப்புவதே முறை. இரட்டைப் பற்றைத் தடுக்கும் இறுதிப் பொறுப்பு வழங்கிக் கணிப்பொறியினுடையது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் இட்டால், அதே எண் மறுபடி வருங்கால் அது ஒதுக்கிவிடும். உலாவியில் 'டிஸேபிள்டு' என்னும் சொல்லை நீக்கிவிட எவராலும் இயலுமாகையால், பொத்தானின் முடக்கத்தைக் காவலாக நம்புவது எவ்வாற்றானும் தகாது.

காரணத்தை எந்த மொழியில் கூறுவது என்பது இவ்வெல்லைப் பகுதிக்கே உரிய பிரச்சினை. 1956 நவம்பரில் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. அங்கும் பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் பெருந்தொகையினர். படிவத்தின் தலைப்பும் கட்டங்களின் பெயர்களும் மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருப்பினும், முடங்கிய பொத்தானின் மௌனம் மூன்றிலும் மௌனமே. மொழிபெயர்ப்புக்கென வரும் சொற்பட்டியலில் பொத்தான்களின் பெயர்கள் இருக்கும். அவை மூடியிருப்பதற்கான காரணங்கள் பெரும்பாலும் இரா, ஏனெனில் மூல மொழியிலேயே அவற்றை ஒருவரும் எழுதவில்லை. வரும் சில சொற்களும் இடர் விளைப்பன. ஆங்கிலச் சொல்லைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'ஊனமுற்ற பொத்தான்' என்று நகைப்புக்கிடமாகிவிடும். 'முடக்கப்பட்டது' என்று மட்டும் எழுதினாலோ, வங்கிக் கணக்கு முடக்கம் பற்றிச் செய்தித்தாளில் படித்தவர் தம் கணக்கையே அரசு முடக்கிவிட்டதாக அஞ்சுவார். 'பிறந்த தேதியில் நாளை முதலில் எழுதுக' என்னும் நான்கைந்து சொற்கள் அவ்விரண்டினும் மேலானவை. அவை எழுதப்படுவது படிவம் வகுக்கப்படும் அறையிலேயே ஆதல் வேண்டும். அதன்பின் பெயர்ப்பது எளிது.

படிவத்தை மக்களிடம் விடுவதற்கு முன் அதை ஒப்புக்கொள்ளும் அலுவலர் அலுவலகக் கணிப்பொறியில் சுட்டியைக் கொண்டு சரியாக நிரப்பிப் பார்த்து, பொத்தான் உயிர்பெற்றது கண்டு கையொப்பமிடுவதே இன்றைய வழக்கம். தவறாக நிரப்பிப் பார்ப்போர் சிலரே. சுட்டியை அப்பால் வைத்துவிட்டு டேப் விசையால் மட்டும் ஒருமுறை செல்லலாம். திரைவாசிப்பானை இயக்கிக் கண்ணை மூடிக்கொண்டு இன்னொருமுறை செல்லலாம். பின்னர் விலை மலிந்த கைப்பேசி ஒன்றை எடுத்துக்கொண்டு குமுளிப் பேருந்து நிலையத்தின் வெயிலில் நின்று, ஒரு கட்டத்தை வேண்டுமென்றே வெறுமையாய் விட்டு, பொத்தானை அழுத்தலாம். அரை மணி நேரத்துக்குமேல் ஆகாது.